எஸ்பொசித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரின் தோற்றமும் பொருளும் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்று எஸ்பொசித்தோ. பெற்றோர் இன்னார் என்று அறியப்படாத நிலையில் அறநிலையங்களின் வாயிலில் விடப்பட்ட குழந்தைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர் இது. குடிவழியைக் காட்டுதற்கு உரிய குடும்பப்பெயர், இங்குக் குடிவழி இன்மையைக் காட்டுதற்குப் பிறந்தது. இவ்வாறு பிறந்த பெயர் நேப்பிள்ஸ் பகுதியின் முதன்மையான குடும்பப்பெயராக வளர்ந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை சொற்பிறப்பு, நிறுவன வரலாறு, சட்ட வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குகிறது. நன்னூலார் கூறும் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் பாகுபாடு இவ்வளர்ச்சியை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: பெயராய்வு, குடும்பப்பெயர், எஸ்பொசித்தோ, நேப்பிள்ஸ், காரணப்பெயர், இடுகுறிப்பெயர்

முன்னுரை

இத்தாலியக் குடும்பப்பெயர்களைப் பெயராய்வாளர் பொதுவாக நான்கு வகையுள் அடக்குவர். தந்தை அல்லது முன்னோர் பெயரால் அமைந்தவை முதல்வகை. தெ லூக்கா என்பது இதற்குச் சான்று. ஊராலும் நாட்டாலும் அமைந்தவை இரண்டாம் வகை; ரோமானோ என்பது இவ்வகையினது. தொழிலால் அமைந்தவை மூன்றாம் வகை. இரும்புக் கொல்லரைக் குறிக்கும் ஃபெர்ராரி இதன்பாற்படும். உருவம், குணம் முதலியவை பற்றி எழுந்த பட்டப்பெயர்கள் நான்காம் வகை; செந்நிறத்தைக் குறிக்கும் ரோஸ்ஸி, அதன் தென்னக வடிவமாகிய ருஸ்ஸோ, சுருள்முடியைக் குறிக்கும் ரிச்சி ஆகியவை இவ்வகையின.

இந்நான்கனுள் எதிலும் முழுமையாக அடங்காத ஐந்தாம் வகையொன்று உண்டு. தந்தை பெயர் தெரியாமல், பிறந்த ஊர் உறுதியாகாமல், தொழிலும் பட்டமும் பெறும் வயதுக்கு முன்னரே, பிறந்த சில நாள்களிலேயே ஒரு நிறுவனத்தால் சூட்டப்பட்ட பெயர்கள் அவை. அவற்றுள் தலையாயது எஸ்பொசித்தோ. குடும்பப்பெயர்ப் பட்டியல்களில் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகியவற்றை அடுத்து நான்காம் இடத்திலோ அதனையொட்டியோ இப்பெயர் வைக்கப்பெறுவது வழக்கம். நேப்பிள்ஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட கம்பானியா மாநிலத்தில் இது முதலிடம் பெறுகிறது.

பெற்றோர் இல்லை என்பதைக் குறித்த சொல், பெருந்தொகையான குடும்பங்களின் பெயராக நிலைத்தது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சொற்பிறப்பு

எஸ்பொசித்தோ என்பது எக்ஸ்பொசிதுஸ் என்னும் இலத்தீன் எச்சச்சொல்லின் வழிவந்தது. இதன் வினைப்பகுதி எக்ஸ்பொனெரே. எக்ஸ் என்பது ‘வெளியே’ என்னும் பொருளது. பொனெரே என்பது ‘வைத்தல்’ என்னும் பொருளது. ஆகவே இப்பெயரின் நேர்ப்பொருள் ‘வெளியே வைக்கப்பட்டவன்’ என்பதாகும்.

‘கைவிடப்பட்டவன்’, ‘எறியப்பட்டவன்’ என இதனை மொழிபெயர்ப்பது பொருளை ஒருபுறமாகச் சாய்த்துவிடும். வெளியே வைத்தல் என்பதில் பிறர் கண்ணில் படுமாறு வைத்தல் என்னும் குறிப்பும் அடங்கியுள்ளது. விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பு, திருத்தூதர் பணிகள் நூலில், குழந்தை மோசே வெளியே விடப்பட்டதைச் சொல்லும் இடத்தில் இதே வினையை ஆள்கிறது. அங்கு, வெளியே வைக்கப்பட்ட குழந்தையைப் பார்வோன் மகள் எடுத்து வளர்க்கிறாள். வைத்தவர் ஒருவர், எடுத்தவர் மற்றொருவர் என்னும் இருநிலையும் ஒரே நிகழ்ச்சியுள் அமைந்துள்ளன. பண்டைக்காலக் குழந்தை விடுப்பு வழக்கத்தை 1988ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஜான் பாஸ்வெல், இவ்வழக்கத்தைக் கொலையோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது என்று வற்புறுத்தினார். பிறர் எடுத்து வளர்க்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு அதனுள் இருந்தது என்பது அவர் கருத்து.

வடிவ நிலையில் ஒன்று கருதத்தக்கது. இதே வினையிலிருந்து இன்றைய இத்தாலிய மொழியில் வழங்கும் எச்சச்சொல் எஸ்பொஸ்தோ என்பதாகும். எஸ்பொசித்தோ என்பது இலத்தீன் வடிவத்தை ஒட்டி நின்ற சொல். சமயப் பதிவேடுகளின் மொழி இலத்தீனாக இருந்தமையின் அவ்வடிவமே பெயராக நிலைத்தது எனலாம். ஸ்பொசித்தோ என முதல் உயிர் கெட்டு வழங்கும் வடிவமும், தெஸ்பொசித்தோ என முன்னொட்டுப் பெற்ற வடிவமும் தென்னித்தாலியில் உள்ளன. பொலோஞா வட்டாரத்தில் தெலி எஸ்பொஸ்தி என்னும் பன்மை வடிவம் வழங்குகிறது. ‘வெளியே வைக்கப்பட்டோரைச் சேர்ந்தவன்’ என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் எக்ஸ்பொசித்தோ என்னும் இணைப்பெயர் உண்டு.

பெயர் சூட்டிய நிலையம்

நேப்பிள்ஸ் நகரின் ஃபொர்செல்லா பகுதியை அடுத்து, 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய சந்தீசிமா அன்னுன்சியாத்தா என்னும் கோயிலும் மருத்துவமனையும் குழந்தைகள் காப்பில்லமும் ஒருங்கமைந்த அறநிலையம் உள்ளது. எஸ்பொசித்தோ என்னும் பெயரின் பரவலுக்கு முதற்காரணம் இந்நிலையமே.

இதன் சுவரில் ரூவோத்தா எனப்படும் அமைப்பு இருந்தது. ரூவோத்தா என்பதற்குச் ‘சக்கரம்’ என்பது பொருள். மரத்தாலான உருளை வடிவப் பேழையொன்று சுவர்த் திறப்பில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதனுள் வைத்துச் சுழற்றினால், குழந்தை சுவரின் உட்புறம் சேரும். உள்ளே காத்திருக்கும் பெண் அதனை எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகத்தை எடுத்தவர் காணார். எடுத்தவர் முகத்தை வைத்தவர் காணார். மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்த குழந்தையால் தாய்க்கு வரும் பழியை மறைப்பதும், குழந்தை தெருவில் இறவாமல் காப்பதும், அதற்குத் திருமுழுக்குக் கிடைக்கச் செய்வதும் இவ்வமைப்பின் நோக்கங்கள். திருமண உறவில் பிறந்த குழந்தைகளும் வறுமை காரணமாக இவ்வழியே விடப்பட்டனர்.

குழந்தை பெறப்பட்டதும் பதிவேட்டில் அது வந்த நாளும், அதன் உடையும், உடன் வைக்கப்பட்ட பொருள்களும் குறிக்கப்பெறும். கழுத்தில் ஈய வில்லையொன்று கட்டப்பெறும். திருமுழுக்கில் ஒரு பெயர் இடப்பெறும். தந்தை பெயருக்கும் குடிப்பெயருக்கும் உரிய இடத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாத நிலையில், குழந்தையின் நிலையைக் குறிக்கும் எஸ்பொசித்தோ என்னும் சொல் அங்கு வந்து நின்றது. தொடக்கத்தில் இது குறிப்புச் சொல்லாகவே இருந்திருத்தல் வேண்டும். குழந்தை வளர்ந்து, மணம் புரிந்து, மக்களைப் பெற்றபோது அக்குறிப்புச் சொல் அம்மக்களுக்கு வழிவந்த பெயராயிற்று. 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கத்தின் ஆணைகள் பங்குகளில் பதிவேடு பேணுவதைக் கட்டாயமாக்கியமையும், 1809 முதல் நேப்பிள்ஸ் அரசில் குடிமைப் பதிவு தொடங்கியமையும் இந்நிலைபேற்றுக்கு உறுதி சேர்த்தன.

காரணம் ஒன்று, பெயர் பல

வெளியே வைக்கப்பட்ட குழந்தைகள் இத்தாலி முழுவதும் இருந்தனர். ஆயினும் அவர்களுக்கு வழங்கிய பெயர் நகர்தோறும் வேறுபட்டது.

மிலான் நகரில் 1456இல் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா நிறுவிய பெருமருத்துவமனையின் சின்னம் புறா. அங்குச் சேர்ந்த குழந்தைகள் புறாவைக் குறிக்கும் கொலொம்போ என்னும் பெயரைப் பெற்றனர். மிலான் வட்டாரத்தில் இப்பெயர் இன்றும் பெருவழக்கினது.

புளோரன்ஸ் நகரில் பட்டு வணிகர் கழகத்தின் ஆதரவில் 1419இல் தொடங்கப்பட்டு, புரூனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் எழுந்த காப்பில்லம் இன்னொசெந்தி எனப்பட்டது. ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட மாசற்ற குழந்தைகளை நினைவுகூரும் பெயர் அது. 1445இல் அங்கு முதற்குழந்தை சேர்க்கப்பட்டது. இன்னொசெந்தி, தெல்யின்னொசெந்தி, நொசெந்தீனி ஆகிய தஸ்கனிக் குடும்பப்பெயர்கள் இதனோடு தொடர்புடையவை.

ரோம் நகரிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் புரொயெத்தி என்னும் பெயர் வழங்குகிறது. ‘எறியப்பட்டவன்’ என்னும் பொருளுடைய புரொயெக்துஸ் என்னும் இலத்தீன் சொல் இதன் மூலம். சிசிலியில் துரொவாத்தோ என்னும் பெயர் உண்டு. இதன் பொருள் ‘கண்டெடுக்கப்பட்டவன்’. ‘கடவுள் உன்னை வளர்ப்பாராக’ என்னும் வாழ்த்துத் தொடரே பெயரான தியொத்தல்லேவி என்பதும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால், ஒரே நிலையைப் பல்வேறு நோக்குநிலைகள் பெயரிட்டமை புலனாகும். புரொயெத்தி என்பது விட்டவர் செயலைச் சொல்கிறது. துரொவாத்தோ என்பது எடுத்தவர் செயலைச் சொல்கிறது. கொலொம்போ என்பது நிலையத்தின் சின்னத்தைக் குழந்தைமேல் ஏற்றுகிறது. இன்னொசெந்தி என்பது குழந்தையின் குற்றமின்மையைப் பறைசாற்றுகிறது. எஸ்பொசித்தோ என்பது இருவர் செயலுக்கும் இடைப்பட்ட கணத்தை, அதாவது வைக்கப்பட்டு இன்னும் எடுக்கப்படாத நிலையைக் குறித்து நிற்கிறது.

நன்னூல் மரபு இங்கு நமக்குத் துணையாகிறது. காரணம் பற்றி வந்த பெயர் காரணப்பெயர். காரணம் கருதாது மரபாய் வந்த பெயர் இடுகுறிப்பெயர். முள்ளுடைய செடிகள் பலவாயினும் முள்ளி என்னும் பெயர் ஒன்றற்கே உரியதாய் நிற்பதுபோல், காரணம் பலவற்றுக்கும் பொதுவாக இருந்தும் மரபால் சிலவற்றுக்கே உரியதாகும் பெயரைக் காரண இடுகுறி என்பர். மிலானில் விடப்பட்ட குழந்தையும் வெளியே வைக்கப்பட்டதே. ஆயினும் அது எஸ்பொசித்தோ ஆகவில்லை. நேப்பிள்ஸ் நகரின் பதிவு மரபே அப்பெயரை அந்நகர்க் குழந்தைகளுக்கு உரியதாக்கியது. ஆகவே சூட்டப்பட்ட காலத்தில் எஸ்பொசித்தோ ஒரு காரண இடுகுறி எனல் பொருந்தும்.

பரவலின் காரணம்

காப்பில்லங்களில் சேர்ந்த குழந்தைகளுள் பெரும்பகுதி ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது என்பதை 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. செவிலித்தாயர் போதாமை, நெரிசல், தொற்றுநோய் ஆகியவை இதற்குக் காரணங்கள். பிழைத்தவர்களுள்ளும் பெண்களின் பெயர் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. பிள்ளைகள் தந்தையின் குடும்பப்பெயரையே பெற்றனர். இவ்வளவு இழப்புக்கும் ஈடுகொடுத்து ஒரு பெயர் நாட்டின் முன்னணிப் பெயர்களுள் ஒன்றானது எவ்வாறு?

ஒரு முன்னோரிடத்திலிருந்து தொடங்கும் குடும்பப்பெயர் அம்முன்னோரின் ஆண்வழியை மட்டுமே நம்பியுள்ளது. ஆண்மக்கள் இல்லாத ஒரு தலைமுறையோடு அது அற்றுப்போகக்கூடும். எஸ்பொசித்தோ அத்தகையதன்று. ஒருவரோடு ஒருவர் குருதித் தொடர்பற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகள், நூற்றாண்டுக்கணக்கில், ஒரே நிலையத்தில் அப்பெயரைப் பெற்றனர். ஒவ்வொரு குழந்தையும் புதிய தொடக்கம். பல வழிகள் அற்றுப்போயினும் புதிய வழிகள் ஆண்டுதோறும் தோன்றிக்கொண்டே இருந்தன. ஆகவே இப்பெயரின் மிகுதி ஒரு குடும்பத்தின் பெருக்கத்தைக் காட்டுவதன்று. ஒரு பதிவேட்டுச் செயல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தமையைக் காட்டுவதாகும்.

இக்கருத்துக்கு எதிர்நிலைச் சான்றும் உண்டு. 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸ் மன்னராக இருந்த யோவாக்கிம் முராவின் ஆட்சியில், விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்பொசித்தோ என்று பெயரிடுவது தடைசெய்யப்பட்டது. குழந்தையின் பிறப்பு நிலையை வாழ்நாள் முழுதும் வெளிப்படுத்தும் பெயர் அக்குழந்தைக்குத் தீங்கு என்பதே தடையின் நோக்கம். அதன்பின் பதிவு அலுவலர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பெயரைப் புனைந்து சூட்டத் தொடங்கினர். நாள், திங்கள், பொருள், பண்பு என எதிலிருந்தும் பெயர் பிறந்தது. இவ்வாறு சிதறிய பெயர்களுள் எதுவும் எஸ்பொசித்தோவின் பரவலை எட்டவில்லை. பெயர் ஒன்றாக இருந்தபோது மிகுதி உண்டாயிற்று. பெயர் பலவானபோது குழந்தைகள் பொதுமக்கள் திரளில் அடையாளமின்றிக் கலந்தனர். முன்னரே அப்பெயர் பெற்றோரின் வழியினர் அதனை இழக்கவில்லை. அவர்கள் வழியாக, மக்கள்தொகைப் பெருக்கத்தோடு அப்பெயரும் பெருகியது.

பெயரும் இழுக்கும்

முராவின் தடை தனித்த நிகழ்ச்சியன்று. ஸ்பெயினில் நான்காம் கார்லோஸ் 1794இல் வெளியிட்ட ஆணை, விடப்பட்ட குழந்தைகளைக் குடிமை உரிமைகளில் முறைப்படிப் பிறந்தவர்களாகவே கொள்ள வேண்டும் என்றது. நேப்பிள்ஸ் நகரின் சுழற்பேழை 1875இல் மூடப்பட்டது. எனினும் பெற்றோர் அறியப்படாமையைப் பதிவேடுகள் வேறு வகையில் தொடர்ந்து குறித்து வந்தன. ‘பெயர் அறியேன்’ என்னும் பொருளுடைய நொமென் நேஷியோ என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் தந்தை பெயருக்குரிய இடத்தில் எழுதப்பட்டன. பள்ளியிலும் பணியிடத்திலும் ஆவணத்தைக் காட்டும்போதெல்லாம் ஒருவர் தம் பிறப்பைப் பிறர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொது ஆவணங்களில் பெற்றோர் பெயரைக் குறிக்கும் வழக்கத்தை நீக்கி இவ்விழுக்கைக் களைந்தது.

2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகள், பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அதன் பிறப்பு நிலையை உணர்த்தும் பெயரையோ குடும்பப்பெயரையோ சூட்டலாகாது என்று விதிக்கின்றன. வரலாற்றுச் சிறப்புடைய குடும்பப்பெயர்களையும், அவ்வூரில் நன்கறியப்பட்ட குடும்பங்களின் பெயர்களையும் அக்குழந்தைக்கு இடலாகாது என்பதும் அவ்விதியின் பகுதி. கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்குக் காரணப்பெயர் கூடாது, இடுகுறிப்பெயரே வேண்டும் என்று சட்டம் கூறுவதாக இதனை நம் இலக்கண வழக்கில் சொல்லலாம்.

ஆய்வு நெறிக்குறிப்புகள்

இப்பெயரைச் சான்றாகக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, பெயரொற்றுமை உறவொற்றுமை ஆகாது. கணவன் மனைவியரின் குடும்பப்பெயர் ஒன்றாக இருத்தலைக் கொண்டு ஒரு மக்கள்திரளில் உறவுத் திருமணத்தின் அளவைக் கணிக்கும் முறையொன்றை 1965இல் குரோ, மேஞ்சு என்னும் ஆய்வாளர் இருவர் வகுத்தனர். ஒரு பெயர் ஒரு முன்னோரிடத்திலிருந்தே வந்தது என்பது அம்முறையின் அடிப்படைக் கோள். நேப்பிள்ஸ் பகுதியில் எஸ்பொசித்தோ குடும்பங்கள் இரண்டு மணத்தால் இணைந்தால் அக்கோள் பொய்த்துவிடும்.

இரண்டாவது, பெயர்வடிவம் தனித்து நின்று பிறப்பை மெய்ப்பிக்காது. கொலொம்போ இதற்குத் தக்க சான்று. அமெரிக்கப் பயணத்தால் புகழ்பெற்ற கொலம்பசின் இத்தாலியக் குடும்பப்பெயரும் கொலொம்போவே. அவர் ஜெனோவாவில் தொமேனிக்கோ கொலொம்போ என்னும் கம்பளி நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். மிலான் காப்பில்லத்தோடு அவருக்குத் தொடர்பில்லை. கொலொம்போ என்பது ஆட்பெயராகவும் வழங்கியமையின் பல வழிகளில் குடும்பப்பெயராகியிருக்கக்கூடும். எஸ்பொசித்தோவுக்கு இத்தகைய மாற்றுவழிகள் அரியவை. ஆயினும் இன்று அப்பெயர் தாங்கிய ஒருவரின் முன்னோர் யார், எப்போது, எந்நிலையத்தில் அதனைப் பெற்றார் என்பதைப் பதிவேடே கூற இயலும், பெயர் கூறாது.

பொருள் மறைதல்

சொற்பொருளின் காரணம் கேட்டமாத்திரத்தே விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. எஸ்பொசித்தோவைப் பொறுத்தவரை அதன் காரணம் ஒருகாலத்தில் எல்லார்க்கும் விளங்கித் தோன்றியது, பின்னர் மங்கியது. இதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம். அன்றாட மொழியில் எஸ்பொஸ்தோ என்னும் வடிவமே வாழ்ந்தமையால், எஸ்பொசித்தோ என்பது பெயராக மட்டும் எஞ்சியது. பொருளை நினைவூட்டும் வழக்குச்சொல் அருகில் இல்லாதபோது பெயர் தன் காரணத்திலிருந்து விடுபடுகிறது. பெயரின் மிகுதியும் இதற்கு உதவியது. தெருத்தோறும் எஸ்பொசித்தோக்கள் வாழும் நகரில் அப்பெயர் எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பெரும் புலம்பெயர்வு இப்பெயரை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுசென்றது. அங்குப் பொருளோடு ஒலியழுத்தமும் மாறியது. இத்தாலிய மொழியில் ‘பொ’ என்னும் அசை அழுத்தம் பெறும். ஆங்கிலம் பேசுவோர் ‘சி’ என்னும் அசையை அழுத்தி நீட்டி ஒலிப்பர். கனடாவில் பிறந்த பனிவளைதடி ஆட்ட வீரர் ஃபில் எஸ்பொசித்தோவின் பெயர் அவ்வாறே உலகெங்கும் ஒலித்தது. அதைக் கேட்டோருள் அன்னுன்சியாத்தாவின் சுழற்பேழையை நினைத்தவர் மிகச் சிலரே ஆவர்.

முடிவுரை

எஸ்பொசித்தோ, குடிவழி தெரியாமையைப் பதிவேட்டில் குறித்த சொல்லாகத் தோன்றியது. ஒரே நகரின் பதிவு மரபால் அந்நகர்க் குழந்தைகளுக்கு உரிய காரண இடுகுறியாயிற்று. எண்ணற்ற தொடக்கங்களைக் கொண்டமையால் பெருவழக்குப் பெற்றது. அதன் பொருள் இழுக்குத் தருவது என்று கண்ட அரசு அதனைச் சூட்டுவதைத் தடுத்தது. ஆனால் அதனைத் தாங்கியோரும் அவர்தம் வழியினரும் அதனை விடாது வழங்கி, இடுகுறிப்பெயர் போல ஆக்கிக்கொண்டனர்.

அன்னுன்சியாத்தாவின் சுவரில் சுழற்பேழை இருந்த திறப்பை இன்றும் காணலாம். அதன் வழியே வந்த குழந்தைக்கு இன்னார் மகன் என்று எழுத இயலாத எழுத்தர், வெளியே வைக்கப்பட்டவன் என்று எழுதினார். அக்குழந்தை வளர்ந்து பெற்ற பிள்ளைக்கு அச்சொல்லே தந்தையின் பெயராயிற்று. இப்பெயரைக் கைவிடப்பட்டோர் பெயர் என்பதோடு நிறுத்துவது அதன் வரலாற்றில் ஒரு பாதியையே கூறுவதாகும். வெளியே வைக்கப்பட்டு, எடுக்கப்பட்டு, பிழைத்து, குடும்பம் அமைத்தோரின் பெயர் அது என்பதே மறுபாதி. இன்று அப்பெயர் வழங்குவதற்கு அம்மறுபாதியே காரணம்.